கம்பம் முதல் நாசிக் வரை

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் மண்ணைப் பார்ப்பது, விருத்தாசலத்துச் செராமிக் தொழிலில் ஆயுளைக் கழித்தவர்களின் சுபாவம். வரப்போரத்தில் வெட்டுண்டு கிடக்கும் ஒரு கட்டியைக் கையில் எடுத்து, நீர் தெளித்து, விரல்களுக்கிடையே தேய்த்து, அதில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, சூளையில் வைத்தால் சிவக்குமா வெளுக்குமா என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடாமல் எங்களால் ஓரிடத்தைக் கடந்து போக முடிவதில்லை. அந்தச் சுபாவத்தோடுதான் நான் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கும், அங்கிருந்து நந்தி மலை அடிவாரத்துக்கும், முடிவில் கோதாவரி தீரத்திலுள்ள நாசிக்குக்கும் காரில் பிரயாணம் செய்தேன். மண்ணை ஆராயப் புறப்பட்ட அந்தப் பிரயாணம், ஓர் ஊரின் விளைபொருளுக்கும் அந்த ஊர் மக்களின் வாழ்வுக்கும் இடையே இருக்க வேண்டிய சம்பந்தம் எது என்பதை எனக்குத் தெளிவாக்கியது.

எங்கள் ஊரின் கீர்த்தி, மணிமுத்தா நதிக்கரையில் வீற்றிருக்கும் பழமலைநாதரால் வந்தது. அதற்கு அடுத்தபடியாக ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது மண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக வெட்டி அகற்றப்படும் மேல்மண்ணோடு வெண்மையான களிமண்ணும் கிடைக்கிறது. அந்தக் களிமண்ணை எங்கேயோ தூரதேசத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அது பாத்திரமாகவும் பொம்மையாகவும் திரும்பி வரும்போது நாமே விலை கொடுத்து வாங்குவதைக் காட்டிலும், கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே தொழிலை ஸ்தாபிப்பது உசிதம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை. அதன் அருகிலேயே தொழிலைக் கற்றுக் கொடுக்கப் பயிலகமும் ஏற்பட்டது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்சாரப் பெட்டிக்கு ஃபியூஸ் கட்டை என்று அந்தச் சிறு கூடங்களிலிருந்து வெளியேறிய பண்டங்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, அது இறுகியதும் பிரித்து, ஓரங்களைச் சீவி, உலர்த்தி, சூளையேற்றும் அந்த வேலையில் பெண்களின் கைகள்தான் அதிகம். படிப்பில்லாத ஒரு பெண்மணியின் விரல்கள் ஒரு பிள்ளையாரின் முகத்தைத் திருத்தும் லாகவத்தை நான் வாழ்நாளெல்லாம் பார்த்து வியந்தவன்.

கள்ளும் சாராயமும் குடும்பங்களைக் குலைப்பதைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த எனக்கு மது அருந்தும் வழக்கம் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒயின் ஆலைகளைப் பார்க்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு ஜாடி. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் புதைபொருள்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கால்கள் பொன்னும் மணியும் இருக்கும் பக்கம் செல்வதில்லை. இரண்டு காதுகளும் கூம்பிய அடியும் கொண்ட ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களின் முன்னே நின்றுவிடும். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வில் அந்தச் சாடிகளின் துண்டுகள் வெளிப்பட்டன. யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தும் செய்தி, நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில் வருகிறது. அந்தப் பாட்டுக்கு மண்ணிலிருந்து கிடைத்த சாட்சி அரிக்கமேட்டு ஓடுகள். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் திரவம் மெல்லக் கசியும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சைக் கொடுத்து நாங்கள் அதைத் தடுக்கிறோம். ரோமானியர்கள் சாடியின் உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசித் தடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கிருந்த ஈடுபாட்டை நன்கறிந்தவர், கல்லூரியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்ற என் நண்பர். காகசஸ் மலைச்சாரலிலுள்ள ஜார்ஜியா தேசத்தில் அகழ்ந்தெடுத்த மட்பாண்டத் துண்டுகளில் திராட்சை மதுவின் ரசாயனச் சுவடுகள் இருப்பதாகவும், அவை கி.மு. 6000-ஐ ஒட்டிய காலத்தவை என்றும் 2017-இல் வெளியான ஆராய்ச்சியைப் பற்றி அவர்தான் என்னிடம் சொன்னார். அதே ஜார்ஜியாவில் இன்றைக்கும் முட்டை வடிவிலான பெரிய மண் குதிர்களைக் கழுத்துவரை தரையில் புதைத்து, அவற்றில் திராட்சைச் சாற்றை நொதிக்க வைக்கிறார்கள் என்றும், அந்த மரபை யுனெஸ்கோ 2013-இல் மானுடத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது என்றும் அவர் விவரித்தபோது, மது உலகத்தின் ஆதி சரித்திரத்தைக் குயவன்தான் காப்பாற்றி வைத்திருக்கிறான் என்ற பெருமிதம் என்னை ஆட்கொண்டது. "ஜாடியப் பத்தி இவ்வளவு பேசுறீங்களே, ஜாடிக்குள்ள போற சரக்கு எப்படி வெளையுதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமே" என்று அவர் கேட்டார். என் தங்கை மகன் கார் ஓட்ட முன்வந்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மறு வருஷம், தை மாதத்தில் புறப்பட்டோம்.

பெண்ணாடம், திட்டக்குடி, தொழுதூர் வழியாகத் திருச்சி நெடுஞ்சாலையை அடைந்து, பெரம்பலூரின் கரிசல் வெளிகளைக் கடந்து, திருச்சியில் காவேரியைத் தரிசித்துவிட்டுத் திண்டுக்கல்லை நோக்கிச் சென்றோம். கொடைரோடு, நிலக்கோட்டைப் பக்கத்தில் சிறுமலையின் சாரலை ஒட்டி முதல் திராட்சைப் பந்தல்கள் தென்பட்டன. சாலையோரத்தில் கூடை கூடையாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் ஒரு கூடை வாங்கிக்கொண்டோம். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று மலைகளின் மடியிலே வளைந்து செல்லும் அந்தச் சாலையில் சின்னமனூரைத் தாண்டியதும், கிழக்கே மேகமலைத் தொடரும் மேற்கே ஏலமலைத் தொடரும் இருபுறமும் அரண்போல் நிற்க, நடுவிலே கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று விரிந்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் செழுமைக்குப் பொறியாளர் பென்னிகுக்கை நினைக்காமல் காரணம் சொல்ல இயலாது. மேற்கே அரபிக் கடலை நோக்கி வீணே ஓடிய பெரியாற்று நீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்த மகத்தான வேலை 1895-இல் நிறைவேறியது. பள்ளத்தாக்கு மக்கள் அவர் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள். பொங்கல் நாளில் அவரைத் தெய்வத்துக்கு நிகராக வணங்குகிறார்கள். ஆற்றுநீர் வயலை நனைத்து நெல்லை விளைவிக்க, அதன் ஊற்று கிணறுகளை நிரப்ப, அந்தக் கிணற்று நீரில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களில் திராட்சை செழிக்கிறது.

சுருளிப்பட்டிச் சாலையில் ஒரு தோட்டத்தின் முன்னே காரை நிறுத்தினோம். வரிசையாக ஊன்றிய கல் தூண்கள், அவற்றின் மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள், ஏழடி உயரத்தில் அந்தக் கம்பிகளின்மேல் படர்ந்து வானத்தை மறைக்கும் இலைகள், இலைகளுக்குக் கீழே ஆயிரமாயிரமாகத் தொங்கும் கருநீலக் கொத்துகள். வெளியே வெயில் சுட்டெரித்த வேளையிலும் பந்தலுக்குள்ளே ஈரமும் குளிர்ச்சியும் பன்னீர் மணமும் நிறைந்திருந்தன. நான் வழக்கம்போல் குனிந்து மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். செம்மையும் பழுப்பும் கலந்த, நீரைத் தேக்கி வைக்காமல் வடியவிடும் மண். எங்கள் சூளைக்கு ஆகாத அந்த மணற்பாங்கு, திராட்சையின் வேருக்கு அமிர்தம். தேங்கி நிற்கும் நீரில் அந்த வேர் அழுகிவிடும்.

தோட்டக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். "வாங்கய்யா, வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்று அழைத்துப் பந்தலடியிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். அவருடைய தோட்டத்தில் ஒரு பகுதியில் பழம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றொரு பகுதியில் அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தது. மூன்றாவது பகுதியில் இலையே இல்லாமல் வெறும் குச்சிகளாகக் கொடிகள் நின்றன. ஒரே தோட்டத்தில் மூன்று பருவங்களைக் கண்ட ஆச்சரியத்தில் நான் விவரம் கேட்க, அவர் சொன்னார்: "கொடிய வெட்டாம விட்டா எலைதான்யா வரும், காய் வராது. கவாத்துப் பண்ணின நாள்லருந்து நாலு மாசம். ஒவ்வொரு பாகமா முன்னப் பின்ன வெட்டிவிட்டா, வருசம் பூராவும் ஏதாவது ஒரு பக்கம் பழம் இருந்துக்கிட்டே இருக்கும்."

அந்த எளிய வார்த்தைகளில் பள்ளத்தாக்கின் ரகசியம் முழுவதும் அடங்கியிருந்தது. திராட்சை குளிர்தேசங்களின் கொடி. அங்கே பனிக்காலம் வந்ததும் இலையுதிர்ந்து, அடுத்த வசந்தம்வரை உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காய்க்கும். உஷ்ணப் பிரதேசமான நம் நாட்டில் அதற்கு உறக்கம் இல்லை. கத்தியைக் கொண்டு விவசாயிதான் அதற்கு ஒரு பனிக்காலத்தை உண்டாக்க வேண்டும். நாசிக்கில் சித்திரையையொட்டி ஓர் அடிக் கவாத்தும் ஐப்பசியையொட்டி ஒரு காய்க் கவாத்தும் செய்து, தை மாசி பங்குனியில் ஒரே ஓர் அறுவடை எடுக்கிறார்கள். இரண்டு மலைத் தொடர்களுக்கிடையே மிதமான சீதோஷ்ணம் வாய்த்த கம்பத்திலோ, கவாத்து செய்த சுமார் 120 நாளில் பழம் கைக்கு வருகிறது; ஆண்டின் எந்த மாதத்திலும் புதுப்பழம் கிடைக்கிறது. இந்தியாவின் மற்றத் திராட்சைப் பிரதேசங்களுக்கு வாய்க்காத பாக்கியம் இது.

அங்கே விளைவதில் பெரும்பகுதி பன்னீர் திராட்சை. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். எந்தத் தேசத்துக் கொடியாயினும் ஒரு மண்ணில் வேரூன்றி அந்த மண்ணின் குணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் அது அந்த மண்ணின் பிள்ளையே என்பதற்கு, 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு வழங்கப்பட்ட புவிசார் குறியீடு ஓர் அங்கீகாரம். ஆனால் அந்தப் பழத்தின் பெருமையே அதன் பலவீனமும் ஆகிறது. தோல் மெல்லியது, சாறு மிகுதி, வாசனை அபாரம், அதனாலேயே அது நெடுந்தூரப் பிரயாணத்தைத் தாங்காது, நாள்பட இருக்காது. உள்ளே விதை இருப்பதால் உலர்த்தி விற்பதற்கும் ஏற்றதன்று. ஓடைப்பட்டிப் பக்கத்தில் விளையும் விதையில்லாத் திராட்சையைப்போல் கடைக்காரரின் அலமாரியில் பொறுமையாகக் காத்திருக்கும் சக்தி பன்னீருக்கு இல்லை. பழுத்தால் பறித்தாக வேண்டும்; பறித்தால் விற்றாக வேண்டும். அந்த அவசரத்தை வியாபாரி அறிவான். பழுக்கும் சமயத்தில் ஒரு பெருமழை பெய்தால் மணிகள் வெடித்துக் கொத்தோடு பாழாகும். "மழை பேஞ்சா நெல்லுக்காரன் சிரிப்பான், நாங்க அழுவோம்யா" என்றார் அந்தப் பெரியவர். அவர் முகத்தில் புகார் இல்லை. நாற்பது வருஷம் அதே கொடியோடு வாழ்ந்தவரின் நிதானம்தான் இருந்தது.

தூண்களிலும் இலைகளிலும் படிந்திருந்த மங்கிய நீலநிறப் பூச்சு என் கவனத்தைக் கவர்ந்தது. அது போர்டோக் கலவை என்று அறிந்தபோது என் நண்பருக்கு உண்டான உற்சாகத்துக்கு அளவில்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்; அவ்வளவுதான் அதன் பக்குவம். இலையின் அடியில் பூஞ்சணம் பிடித்துக் கொடியையே வாட்டும் அடிச்சாம்பல் நோய்க்கு அது நல்ல மருந்து. பிரான்ஸ் தேசத்துப் போர்டோ பிரதேசத்தில், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தீண்டாதிருந்ததைக் கண்ட மில்லார்டே என்னும் தாவர சாஸ்திரி ஆராய்ந்து 1885-இல் உலகத்துக்கு அறிவித்தார். அந்தச் செய்தியை என் நண்பர் ஒரு வகுப்பு நடத்துவதுபோல் விவரிக்க, தோட்டக்காரரும் அவர் மகனும் கூலிக்கு வந்த பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாத்திரத்தின்மேல் பச்சை மெருகு கொடுப்பதற்கு நாங்கள் சேர்க்கும் தாமிரமே இங்கே கொடியைக் காக்கிறது என்று நான் சொன்னபோது, பெரியவர் கையைக் கூப்பி, "எல்லாம் ஒரே மண்ணுலருந்து வந்ததுதானேய்யா" என்றார். அவருடைய அந்த வாக்கியத்தை நான் சாஸ்திரமாகவே ஏற்றுக்கொண்டேன்.

அன்று மாலை ராயப்பன்பட்டிக்கு அருகிலுள்ள ஆனைமலையன்பட்டிக்குச் சென்றோம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. உவர்நீரையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியின்மேல் நல்ல ரகங்களை ஒட்டுக்கட்டும் முறை இன்று திராட்சை விவசாயத்தில் பரவலாக வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களையெல்லாம் அழித்தபோது, அதே அமெரிக்காவின் காட்டுத் திராட்சை வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டித்தான் அந்தக் கண்டம் தன் மதுவைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனைமலையன்பட்டியிலேயே ஹில் ஜில் என்ற ஒயின் ஆலையும் அமைந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் திராட்சைக்கு அருகிலேயே ஓர் ஆலை எழுந்திருப்பதைப் பார்த்தபோது, எங்கள் தொழிற்பேட்டை என் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் விளையும் பழத்துக்கு முன்னே இத்தகைய தொழில் மிகச் சிறியது. மிகுதியெல்லாம் பெட்டிகளில் அடைபட்டு, இரவோடிரவாகக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் லாரியேறிப் போய்விடுகிறது.

மறுபடியும் திண்டுக்கல்லுக்கு வந்து, கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரை அடைந்தோம். நகரத்துக்கு வடக்கே சிக்கபள்ளாபுரம் பக்கத்தில் பெங்களூர் நீலம் என்ற திராட்சை பந்தல் பந்தலாக விளைகிறது; அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. நந்தி மலையடிவாரத்துத் தொட்டபள்ளாபுரத்தில் கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சு நாட்டு மதுத் திராட்சை ரகங்களை நட்டு, பரிசோதனை செய்து, 1988-இல் தோட்டம் அமைத்தார். பின்னாளில் போர்டோவின் புகழ்பெற்ற மது நிபுணர் மிஷெல் ரோலாந்தை ஆலோசகராகவும் அமர்த்திக்கொண்டார். அங்கே கொடிகள் பந்தலில் படராமல், வேலியைப்போல் வரிசையாக நிமிர்ந்து நின்றன. மணிகள் சிறியவை, தோல் தடித்தவை. உண்ணும் திராட்சை மணி பெருத்துச் சாறு நிறைந்திருக்க வேண்டும். மதுத் திராட்சையோ மணி சிறுத்து, தோல் மிகுந்து, சர்க்கரை செறிந்திருக்க வேண்டும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருபவை என்பதே அதற்குக் காரணம்.

தும்கூர், சித்ரதுர்க்கம், ஹூப்ளி, பெல்காம் என்று தக்காண பீடபூமியின் குறுக்கே சென்ற அந்த நெடுஞ்சாலையில் மண்ணின் நிறம் செம்மையிலிருந்து கருமைக்கு மாறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனேன். எரிமலைக் குழம்பு உறைந்து, தேய்ந்து, கரிசலாகிய பிரதேசம் அது. கோலாப்பூரிலிருந்து சற்று விலகிச் சாங்லி, தாஸ்காவ் பக்கம் போனபோது, விதையில்லாத் திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் தாவர எண்ணெய்ச் சத்தும் கலந்த கரைசலில் முக்கி, நிழற்கொட்டகைகளில் அடுக்கடுக்காகக் கட்டிய வலைகளின்மேல் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கொட்டகைகளிலிருந்து வருவது. பச்சைப் பழத்துக்கு விலை இறங்கினால் அதை உலர்த்திச் சேமித்து விலை ஏறும்வரை காத்திருக்கும் தைரியம் அந்த விவசாயிகளுக்கு இருந்தது. புனே அருகே மாஞ்சரியில் மத்திய அரசின் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் 1997 முதல் நடந்துவருகிறது. அங்கிருந்து வடக்கே நாராயண்காவில், பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 1980-களில் நுரைக்கும் ஒயினைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஷாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் இருந்தது. அந்த நிறுவனம் பின்னால் கடன் சுமையில் நலிந்துபோயினும், இந்திய மண்ணில் உயர்ந்த ஒயின் விளையும் என்ற நம்பிக்கையை விதைத்த புண்ணியம் அதற்கு உண்டு.

நாசிக்கை அடைந்ததும் முதலில் பஞ்சவடிக்குச் சென்று கோதாவரியில் நீராடினோம். ராமாயண சரித்திரத்தில் தோய்ந்த அந்தப் புண்ணிய க்ஷேத்திரத்தின் மேற்கே, கங்காபூர் நீர்த்தேக்கத்தின் கரையில், ராஜீவ் சமந்த் என்பவர் அமெரிக்காவில் செய்துவந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, குடும்ப நிலத்தில் 1997-இல் மதுத் திராட்சையை நட்டு, 2000-த்தில் முதல் ஒயினை வெளியிட்டார். சூலா என்ற அந்தத் தோட்டத்தில் 2005-இல் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். நாங்கள் சென்றது அறுவடைக் காலம். விடியற்காலையின் குளிரிலேயே பறித்த கொத்துகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. காம்பை நீக்கி, மணியை நசுக்கி, வெள்ளை ஒயினுக்கு உடனே பிழிந்து சாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும்போது சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டை அடக்காவிட்டால் வாசனை ஆவியாகிவிடும். ஆகையால் வெள்ளை ஒயினைப் பதினைந்து டிகிரி அளவிலும் சிவப்பை இருபத்தைந்தையொட்டியும் நிறுத்தி வைக்க, குளிர்நீர் ஓடும் உறை போர்த்த எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நூறு பங்கில் இருபத்துநான்கு பங்கு சர்க்கரையுள்ள சாறு சுமார் பதின்மூன்று சதவிகிதம் சாராயச் சத்துள்ள ஒயினாகிறது என்று என் நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சூளையின் ஆயிரத்திருநூறு டிகிரியோடு பழகிய எனக்கு, இந்தப் பதினைந்து டிகிரியைக் காக்க அவர்கள் படும் பாடு பெரிய பாடமாக இருந்தது. எங்கள் தொழிலில் உஷ்ணம் ஏற ஏற மண் உறுதியாகிறது. அவர்கள் தொழிலில் உஷ்ணம் அடங்க அடங்கச் சாறு உயர்வடைகிறது. இரண்டிலும் பொறுமையே முதற்குணம். நிலவறையில் இருநூற்றிருபத்தைந்து லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களின் நடுவே நின்றபோது, மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல நுழையும் காற்று ஒயினை முதிரச் செய்கிறது என்று அங்கிருந்தவர் விளக்கினார். அந்த வேலையைத்தான் ஜார்ஜியாவின் மண் குதிர் இன்னும் செய்துகொண்டிருக்கிறது; ஐரோப்பாவிலும் சில தோட்டக்காரர்கள் இப்போது சுட்ட மண் கலங்களுக்கே திரும்பியிருக்கிறார்கள். என் நண்பர் கூடத்தில் ஓரிரு வாய் சுவைத்தார். நான் கோப்பையை முகர்ந்து, வாசனையை மட்டும் அனுபவித்துவிட்டு வைத்துவிட்டேன். வெள்ளை ஒயினில் கொய்யாவும் பச்சைப் புல்லும் மணந்தன. சிவப்பில் நாவல்பழம் மணந்தது.

ஆனால் தொட்டிகளையும் பீப்பாய்களையும்விட என் நெஞ்சில் பதிந்தது வேறொன்று. ஆலைக்குப் பழம் கொண்டுவந்த ஒரு மராத்தி விவசாயியோடு, எங்கள் வண்டியோட்டியாகிய மருமகன் தன் ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தான். ஆலையோடு அவருக்குப் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். எந்த ரகத்தை நடுவது, எப்போது பறிப்பது, என்ன விலை என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை. "மாமா, இவருக்கு இந்த வருஷம் என்ன வரும்னு போன வருஷமே தெரிஞ்சிருக்கு" என்று அவன் வியந்து சொன்னான். 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு தனிக் கொள்கையை வகுத்து, வரிச் சலுகையும் இட வசதியும் கொடுத்து, ஒயின் ஆலையை விவசாயத்தின் நீட்சியாகக் கருதியது. அதன் பயனாகவே நாசிக்கைச் சுற்றி ஆலைகள் பெருகின. அதே ஜில்லாவின் உண்ணும் திராட்சை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. பச்சைப் பழத்துக்கு ஒரு வழி, உலர்ந்த பழத்துக்கு ஒரு வழி, சாற்றுக்கு ஒரு வழி என்று மூன்று வாசல்கள் திறந்திருக்கும் விவசாயியை எந்த வியாபாரியும் அவசரப்படுத்த முடியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் மூவரும் இதைப் பற்றியே சம்பாஷித்தோம். மதுவினால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் படும் துயரத்தை அறிந்த நான், ஊருக்கு ஊர் ஒயின் ஆலை திறக்க வேண்டும் என்று சொல்ல முன்வரவில்லை. திராட்சையிலிருந்து பிறப்பவை இன்னும் பல. குளிர்ந்த பன்னீர்த் திராட்சைச் சாறு எந்தக் குழந்தையும் பருகத்தக்கது. ஜாம், புளிக்காடி, விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்று அந்தப் பழத்தில் வீணாவதற்கென்று ஒன்றுமே இல்லை. வருஷம் முழுவதும் பழம் தரும் பள்ளத்தாக்கில் ஓர் ஆலை வருஷம் முழுவதும் ஓடலாம். மூன்று மாதம் ஓடி ஒன்பது மாதம் வேலை குறைந்து கிடக்கும் நாசிக்கின் பிழிகூடங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இயற்கை கம்பத்துக்குக் கொடுத்திருக்கும் அனுகூலம் நாசிக்குக்குக் கொடுத்ததைவிடப் பெரிது. குறைவது தொழில் ஒன்றுதான்.

மண்ணைப் பச்சையாக விற்கிற ஊர் ஏழையாகவே இருக்கும். அதை வனைந்து, சுட்டு, மெருகிட்டு விற்கிற ஊர் தலைநிமிரும். இதை விருத்தாசலம் தன் அனுபவத்தில் அறிந்திருக்கிறது. பீங்கான் தொழிலுக்கு இன்று பிளாஸ்டிக்கும் வெளிநாட்டுச் சரக்கும் தரும் நெருக்கடியிலும், எங்கள் கூடங்களில் அகல் விளக்கு அச்சிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. கம்பத்துப் பழத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். அரசாங்கமும் கூட்டுறவுச் சங்கங்களும் மனம் வைத்து, பள்ளத்தாக்கின் நடுவிலேயே சாறு பிழியும் ஆலைகளையும் குளிர்பதனக் கிடங்குகளையும் நிறுவி, விவசாயியோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சாற்றை அடைத்து விற்கும் ஜாடிகளை எங்கள் தொழிற்பேட்டையிலேயே வனைந்து தரவும் எங்களுக்குக் கைகள் உண்டு. இதை வாசிக்கும் அன்பர்கள் தேனிப் பக்கம் போக நேர்ந்தால், சுருளி அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பந்தலுக்குள் நுழைந்து, பேரம் பேசாமல், விளைவித்தவரிடமிருந்தே நேராக ஒரு கூடை பன்னீர் திராட்சை வாங்குங்கள். அந்த விலை முழுவதும் கொடிக்கு நீர் பாய்ச்சிய கைகளுக்கே போய்ச் சேரும்.